பதினாறாவது பட்டை

கரென்ட் போனதும் பொதட்டூர்பேட்டையின் அந்தத் தெரு முழுவதும் ஒரே நொடியில் வாய் மூடிக்கொண்டது. எல்லா வீட்டிலும் விசைத்தறி ஓடும் தெரு அது. சத்தம் நின்ற பிறகும் சிறிது நேரம் அது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த அமைதியில் இரண்டு பேர் ஒரு லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு முனையில் என் பாவா தேவராஜ். மறுமுனையில் அந்த வீட்டுக்காரி லோகநாயகி. இரு முனையும் சேர்த்து மூட்டிய லுங்கி. இருவரும் வளையத்துக்குள் ஒரு கையை விட்டு, எதிரெதிரே விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"என் கையில அஞ்சு," என்றார் பாவா. "உங்க கையில நாலு இருக்கணும். பாருங்க."

லோகநாயகி குனிந்து பார்த்தாள். கையைக் கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடி பார்த்தாள்.

"நாலும் இருக்குது, ஒம்போதும் இருக்குது சார். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிது என் கை. எதச் சொல்றது?"

தறியின் மேல் சாய்ந்து நின்ற அவள் தம்பி சேகர் சிரித்தான். "இன்னா வாத்தியாரே, கணக்கு காலை வாரிடுச்சா?"

பாவாவின் முகத்தில் இருந்த நிறம் இறங்கியதை நான் பார்த்தேன். அன்று அந்தத் துணியின் மேல் அவர் வைத்திருந்தது ஒரு கணக்கை மட்டும் அல்ல.

ஒன்றைப் பதினேழால்

பாவா என்று நான் அழைப்பது என் அக்கா விஜயாவின் கணவரை. திருத்தணிப் பக்கத்தில் பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில் வேகும். அக்கா புருஷன் எங்களுக்குப் பாவாதான். அவருக்கு வீடு திருத்தணியில்; பொதட்டூர்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அக்கா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை.

அக்கா போன பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலம் மலைப்படியில் ஏறுவார். ஏறிக்கொண்டே மனத்துக்குள் ஒன்றைப் பதினேழால் வகுப்பார்.

நான் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த சமயம். துணைக்குச் சில நாள் கூடப் போவேன். கீழே குளத்தங்கரையில் மொட்டை போட்டுக்கொண்ட பிள்ளைகள், தலையில் சந்தனம் காய்ந்து வெடிக்க, எங்களைத் தாண்டி ஓடும். தெலுங்கில் கோவிந்தா போட்டுப் பழகிய வாய்கள் இங்கே அரோகரா போடும். சென்னை ரயில் ரயிலடியில் நின்று மூச்சு விடுவது மேலே வரை கேட்கும். இவை எதுவும் பாவா காதில் விழாது. ஒரு படி, ஓர் இலக்கம். நான் ஏதாவது கேட்டால், மீதியைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"ஏன் பாவா பதினேழு?"

கொஞ்சம் ஏறினார். "ஏழால வகுத்தா சீக்கிரம் முடிஞ்சிடுது மச்சான். பதினேழுதான் நடக்கிற அளவுக்கு இருக்குது."

பிறகு விளக்கினார். ஒன்றைப் பதினேழால் வகுத்தால் கணக்கு முடியாது. புள்ளிக்குப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் கண்டபடி போகாது. ஒவ்வோர் அடியிலும் ஒரு மீதி வரும். ஒன்றிலிருந்து பதினாறு வரை எல்லா மீதியும் ஒரே ஒரு முறை வரும். எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டாம் முறை வராது. எல்லாம் வந்து முடிந்ததும் பழையபடி ஒன்று வந்து நிற்கும். அங்கிருந்து அதே இலக்கங்கள், அதே வரிசையில்.

"ஒண்ணு திரும்பி வரும் மச்சான்," என்றார். "அது வரைக்கும் நடக்கணும். அவ்ளோதான்."

அன்று நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது காற்றில் சந்தனமும் கற்பூரமும் சேர்ந்த ஒரு வாசனை இருந்தது. கீழே ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன, யாரோ மெதுவாக எண்ணுவது போல.

முன்னால் வரும் பூஜ்யம்

அந்த இலக்கங்களைச் சேர்த்து ஒரு முழு எண்ணாக எழுதினால் இப்படி வரும்: 588235294117647.

செய்தி மேசையில் உட்கார்ந்தவனுக்குப் பெரிய எண்ணைக் கண்டால் முதலில் வாய்விட்டுப் படிக்கத் தோன்றும். ஐந்து கோடியே எண்பத்தெட்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொரு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. ஒரு மூச்சில் சொல்ல முடியாது. கோடிக்குள் கோடி. எந்த மந்திரியும் இதுவரை இந்தத் தொகையை ஒதுக்கியதில்லை.

மேசையில் எங்களுக்கு இருந்த பெரிய பயம் பூஜ்யம். எண்ணின் கடைசியில் ஒரு பூஜ்யம் விழுந்துவிட்டால் மறுநாள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். கூடிவிட்டாலும் அப்படியே. ஆனால் எண்ணின் முன்னால் வரும் பூஜ்யத்துக்காக யாரும் வருத்தம் தெரிவித்து நான் பார்த்ததில்லை. முன்னால் பூஜ்யம் வந்தால் நீலப் பேனாவால் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

இந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் 1176470588235294. அவசரமாகப் பார்த்தால் வேறு எண். நிதானமாகப் பார்த்தால் அதே இலக்கங்கள், அதே சுற்று, தொடங்கும் இடம்தான் வேறு. மூன்றால் பெருக்கினாலும் அப்படித்தான், நான்காலும் அப்படித்தான், பதினாறு வரைக்கும். அந்தந்த எண் வளையத்தின் வேறு ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். பதினேழால் பெருக்கினால் மட்டும் வளையம் அவிழ்ந்து, வரிசையாக ஒன்பதுகளாக விழும்.

இன்னொன்றும் உண்டு. வளையத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஐந்துக்கு எதிரே நான்கு. எட்டுக்கு எதிரே ஒன்று. இரண்டுக்கு எதிரே ஏழு.

இதையெல்லாம் எனக்குச் சொல்வதற்கு முன்பே பாவா வேறு ஒருவரிடம் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸில் ஒரு பந்தயம்

லோகநாயகிக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. தம்பியோடு சேர்ந்து வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். வந்த வரன்களை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, வரன்களே வேண்டாம் என்று ஆகிவிட்ட நிலைமை. திருத்தணிக் கடைகளுக்கு லுங்கி மூட்டை கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவாள். பாவா போகும் வரும் பஸ்தான் அவளுக்கும்.

மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு நாள் இந்த எண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்கள். அவள் கேட்டிருக்கிறாள்:

"சுத்திச் சுத்தி வருதுன்னு சொல்றீங்க. லுங்கி மாதிரியா?"

அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது என்று பாவா பிற்பாடு என்னிடம் சொன்னார். சொல்லும்போது காது சிவந்திருந்தது.

சில மாதங்கள் கழித்து, தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள், "உங்க வூட்ல ஏற்கெனவே ஒருத்தவங்க இருக்காங்க சார். நான் எங்க நிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் அவளே, பேச்சை மாற்றுவது போல, "அந்த நம்பர எழுதிக் குடுங்க. லுங்கியா நெய்ஞ்சி பாக்கறேன். நீங்க சொன்னாப்பல எதிரெதிர ஒம்போது வருதான்னு பாத்துட்டு, அன்னிக்கி பதில் சொல்றேன்," என்றாள்.

சும்மா ஒரு தவணை வாங்கினாளா, உண்மையிலேயே பந்தயமா என்று பாவாவுக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தார்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியை இழந்தவர் மறுபடி பெண் கேட்டால், இறந்தவளின் பிறந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து உட்கார வேண்டும். அவர் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் பேச்சே எடுப்பார்கள். எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். பாவா என்னைக் கூப்பிட வந்தபோது வாசலிலேயே நின்றார்.

"வரியா மச்சான்?"

"வரேன் பாவா."

கிளம்புவதற்காக அவர் வீட்டுக்குப் போனபோது கூடத்துச் சுவரில் ஒரு மாற்றம் தெரிந்தது. அக்காவின் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, படத்தின் அளவுக்கு, சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு சதுரம். சுற்றிலும் சுவர் பழுத்திருந்தது. அந்தச் சதுரத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பினோம்.

கையில் என்ன, எதிரே என்ன

இனி அந்தக் கரென்ட் போன பகலுக்கு வருகிறேன்.

லோகநாயகி துணியை நெய்த விதம் இது. எண்ணில் உள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரே அகலத்தில் ஒரு பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் ஒன்பது கோடுகள். ஐந்து என்றால் ஐந்து கோடு சிவப்பு, மீதி வெள்ளை. ஒன்று என்றால் ஒரே கோடு சிவப்பு. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய கறுப்பு. எந்த நிற நூல் எப்போது ஓட வேண்டும் என்பதைத் தறியின் ஓரத்தில் சுழலும் ஒரு சங்கிலி சொல்லும். அந்தச் சங்கிலியும் ஒரு வளையம்தான். அதற்கும் முதல் கண்ணி, கடைசிக் கண்ணி என்று கிடையாது.

தூரத்திலிருந்து பார்க்க அது எந்தக் கடையிலும் இல்லாத லுங்கி. சிவப்பு திடீரென்று அடர்ந்தது, திடீரென்று வற்றியது. மழைக் காலத்து ஆறு மாதிரி.

ஆனால் எதிரெதிரே ஒன்பது வரவில்லை. பாவாவின் கை பட்டையின் நடுவில் இருந்தால், அவள் கை இரண்டு பட்டைகளுக்கு நடுவே விழுந்தது. அவள் சரியாகப் பிடித்தால் அவர் விலகினார். துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் கோட்டின் மேல் நின்றார்கள்.

"மூட்டும்போது ஒரு கோடு தையல்ல போயிடுச்சு," என்றாள் லோகநாயகி. "அது என் தப்பு. ஆனா ஒரு கோட்டுக்கு இவ்ளோ தூரம் தள்ளாதே."

பாவா துணியை மறுபடி இழுத்துப் பிடித்தார். மலைப்படியில் அவரைத் தாங்கி நடத்திய கணக்கு அது. இப்போது அவர் கையிலேயே நழுவிக்கொண்டிருந்தது.

நான் பட்டைகளை எண்ணினேன். பழைய வேலைப் பழக்கம்; செய்தியை நம்புவதற்கு முன் எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

"பதினஞ்சுதானே இருக்குது பாவா? பதினாறு மீதி வரும்னு சொன்னீங்களே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். துணியைச் சேகர் கையில் கொடுத்துவிட்டு, தறிக் கூடத்தின் சிமென்ட் தரையில் கிடந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் குந்தி உட்கார்ந்தார். ஒன்று, பதினேழு. வகுக்கத் தொடங்கினார்.

"பத்துல பதினேழு போவாது. பூஜ்யம். நூறுல அஞ்சு…" என்றவர் நிறுத்தினார். சுண்ணாம்புக் கட்டி தரையிலேயே நின்றது.

"பூஜ்யம்," என்றார் மறுபடியும். "மொதல்ல ஒரு பூஜ்யம் இருக்குது. நான்தான் எழுதல."

"ஏன் எழுதல?" என்றான் சேகர்.

"முழு எண்ணுக்கு முன்னாடி பூஜ்யம் போட மாட்டோம்பா. பசங்க போட்டாக்கூட அடிச்சிடுவேன். அதுக்கு மதிப்பு இல்ல."

லோகநாயகி வளையத்துக்குள் இன்னும் ஒரு கையை விட்டபடியே நின்றிருந்தாள்.

"மதிப்பு இல்லன்னா எடமும் இல்லியா சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினைந்து பேர் வட்டமாக நின்றால் எதிரெதிரே நிற்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஒன்பதுக்கு எதிரே நிற்க வேண்டியது அந்தப் பூஜ்யம். அது இல்லாததால் எல்லோருமே பாதி அடி விலகிப் போயிருந்தார்கள்.

"அப்ப பந்தயம் இன்னா ஆச்சு?" என்றான் சேகர். "வாத்தியார் தோத்துட்டாரா?"

"யாரும் தோக்கல. இன்னொரு தபா நெய்றேன்," என்றாள் அவள். "ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருவோம் இல்ல? அப்பிடியே சார் வூட்டையும் பாத்துட்டு வரலாம்."

கரென்ட் வந்தது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

வீடு பார்க்க வந்தவர்கள்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் நடக்க இடம் இருக்காது. எங்கு பார்த்தாலும் மஞ்சள், எங்கு பார்த்தாலும் பூக்காவடி. கூட்டத்துக்குள் பார்த்தால் மனிதர்கள் தெரியாது. பூக்கள் தாமாக மலையேறுவது போல இருக்கும். அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து பிடித்த கையை விட்டால் சாயங்காலம்தான் மறுபடி பார்க்கலாம்.

அந்தக் கூட்டத்தை நீந்திக்கொண்டு லோகநாயகியும் சேகரும் மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். அவள் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. கையில் ஒரு துணிப் பை.

பாவா காலையிலிருந்து உட்காரவே இல்லை. டம்ளர்களைக் கழுவினார். கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவினார்.

"உக்காருங்க பாவா," என்றேன்.

"உக்காந்தா மட்டும்?" என்றார்.

காபி குடித்து முடிந்ததும் லோகநாயகி லுங்கியை வெளியே எடுத்தாள். "பிடிங்க சார்."

கூடத்தின் நடுவில் இருவரும் எதிரெதிரே நின்று கையை விட்டு இழுத்தார்கள். துணி விறைத்தது.

"அஞ்சு," என்றார் பாவா.

"நாலு."

துணியை ஒரு பட்டை நகர்த்தினார்கள், கிணற்று வாளிக் கயிறு போல.

"எட்டு."

"ஒண்ணு."

"எட்டு."

"ஒண்ணு."

"ரெண்டு."

"ஏழு."

இருவர் குரலும் மாறி மாறி வந்தன. வெளியே பம்பையும் உடுக்கையும் அரோகராவும். உள்ளே இந்தக் கணக்கு. கொஞ்ச நேரத்தில் எனக்கு அது எண்களாகக் கேட்கவில்லை. தாலாட்டுக்கும் பேரத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று போலிருந்தது. சிவப்பு ஒரு கையில் ஏறினால் மறு கையில் இறங்கியது. யார் கையிலும் எல்லாம் தங்கவில்லை.

"மூணு." "ஆறு." "அஞ்சு." "நாலு." "ரெண்டு." "ஏழு."

அடுத்த முறை நகர்த்தியபோது பாவாவின் கையில் முழுச் சிவப்பு வந்து நின்றது.

"ஒம்போது," என்றார்.

லோகநாயகி எதுவும் சொல்லவில்லை. அவள் கையில் இருந்தது வெறும் வெள்ளை. அந்த வெள்ளையின் நடுவில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, வெள்ளை நூலில் ஒரு தையல் ஓடியது.

"மூட்டு இங்கதான் வெச்சேன்," என்றாள். "போன தபா சிவப்புல வெச்சி ஒரு கோடு போச்சு. இங்க வெச்சா எதுவும் போவல. ரெண்டு முனையும் சேர்றதுக்கு இதான் தோதான எடம்."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவளின் பார்வை அவர் தோளுக்கு மேலே போய்ச் சுவரில் நின்றது. ஆணியில். ஆணிக்குக் கீழே இருந்த வெள்ளைச் சதுரத்தில்.

"இங்க இன்னா மாட்டியிருந்தீங்க?"

பாவா திரும்பவில்லை. அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. நான்தான் பதில் சொன்னேன்.

"அக்கா படம்."

"எங்க அது?"

"பீரோவுல இருக்குது," என்றார் பாவா தரையைப் பார்த்தபடி. "நீ எங்க நிக்கிறதுன்னு கேட்டியே. அதான்…"

அவர் அவளை ஒருமையில் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

லோகநாயகி அந்தச் சதுரத்தை மறுபடி பார்த்தாள். கை துணியை விடவில்லை.

"எனக்கு எடம் இருக்கான்னுதான் கேட்டேன். அவங்க எடத்தக் காலி பண்ணச் சொன்னனா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எடுத்துகினு வந்து மாட்டுங்கண்ணா. அவங்க இல்லாம நீங்க எப்பிடி இந்த வூட்டுக்கு வருவீங்க?"

நான் உள்ளே போனேன். படம் பாவாவின் வேட்டிகளுக்கு நடுவே, ஒரு துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. துண்டில் நாப்தலின் வாசனை. விஜயா எப்போதும் போல, படம் எடுப்பவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதைப் போன்ற அரைச் சிரிப்போடு இருந்தாள். ஸ்டூலில் ஏறி மாட்டினேன். சதுரம் மறைந்தது.

"கொஞ்சம் எடப் பக்கம் சாஞ்சிருக்குதுண்ணா," என்றாள் லோகநாயகி கீழேயிருந்து. சரி செய்தேன்.

சேகருக்குப் பொறுமை போய்விட்டிருந்தது. "எல்லாம் சரி. இன்னிக்கி பதில் சொல்றேன்னு சொன்னியே, இன்னா பதிலு? கூட்டத்துல பஸ் கெடைக்காது, சொல்லிட்டு வா."

லோகநாயகி அவனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வளையத்துக்குள் இருந்த கையால் துணியை மெல்ல ஒரு பட்டை நகர்த்தினாள். வெள்ளை அவள் கையை விட்டு விலகி அசைந்தது.

"ஏங்க," என்றாள் பாவாவைப் பார்த்து. அதுவரை அவர் அவளுக்குச் சார்தான். "உங்க கையில எவ்ளோ?"

பாவா குனிந்து, கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். கணக்கு வாத்தியாருக்கு அவ்வளவு நேரம் ஆனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நாலு," என்றார்.

"அஞ்சு," என்றாள் அவள்.